டெஸ்லா விழும் என்று பந்தயம் கட்டியவர்கள் என்ன ஆனார்கள்? ஷார்ட் செல்லிங்கின் ஆபத்து

“இந்தப் பங்கு ஓவரா ஏறிடுச்சு, கண்டிப்பா விழும்” என்று தோன்றுகிறது. அதில் காசு பார்க்க முடியுமா? முடியும். கையில் இல்லாத பங்கை புரோக்கர் மூலம் கடன் வாங்கி இன்றைய விலைக்கு விற்க வேண்டும். விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் வித்தியாசம் லாபம். இதுதான் ஷார்ட் செல்லிங்.

கேட்க சுலபம்தான். 2020-ல் டெஸ்லாவை ஷார்ட் செய்தவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

அவர்கள் வாதம் ஒன்றும் அசட்டுத்தனமானது அல்ல. டெஸ்லா அதுவரை ஒரு முழு ஆண்டுகூட லாபம் காட்டியதில்லை. ஆண்டுக்கு 5 லட்சம் கார்கூட விற்காத அந்த நிறுவனம், 2020 ஜூலையில் சந்தை மதிப்பில் டொயோட்டாவையே தாண்டியது. கார் செய்தாலும் சந்தை அதை டெக் பங்காகத்தான் பார்த்தது. என்ரான் மோசடியை முன்பே மோப்பம் பிடித்த ஜிம் சானோஸும் டெஸ்லாவை ஷார்ட் செய்தவர்தான்.

நடந்தது என்ன? 2019 முடிவில் பங்கின் விலை 418 டாலர். 2020 பிப்ரவரி 19-ல் 917. கொரோனா பயத்தில் மார்ச் 18-ல் 361. அதாவது ‘விழும்’ என்ற கணிப்பு பலித்தது. ஆனால் பலரால் அதுவரை தாக்குப்பிடித்திருக்க முடியாது. காரணம், மார்ஜின் கால். விலை ஏற ஏற ‘இன்னும் பணம் கட்டு’ என்பார் புரோக்கர். கட்டாவிட்டால் அவரே சந்தை விலைக்குப் பங்கை வாங்கி கணக்கை முடித்துவிடுவார். இப்படிப் பலரும் ஒரே நேரத்தில் வாங்க நேர்ந்தால் விலை இன்னும் எகிறும். ‘ஷார்ட் ஸ்க்வீஸ்’ என்பது இதைத்தான்.

ஆண்டு முடிவில், பங்குப் பிரிப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால், விலை 8 மடங்கைத் தாண்டியிருந்தது. ஜனவரியில் 1 லட்சம் ரூபாய்க்கு ஷார்ட் செய்து அப்படியே வைத்திருந்தால் நஷ்டம் சுமார் 7.4 லட்சம். கடன் வாங்கிய பங்குக்கான கட்டணம் தனி. டெஸ்லா திவாலே ஆகியிருந்தாலும் அதிகபட்ச லாபம் 1 லட்சம்தான்! விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. மேலே போக எல்லையே இல்லை. இதற்கு நடுவில், சிவப்பு சாட்டின் ‘ஷார்ட்ஸ்’ தைத்து 69.42 டாலருக்கு விற்று கிண்டலடித்தார் எலான் மஸ்க்.

2022-ல் டெஸ்லா நிஜமாகவே 65% சரிந்தது. அப்போதும் விலை 2020 தொடக்கத்தைவிட 4 மடங்குக்கு மேல்தான் இருந்தது.

நம்ம ஊரில் எப்படி? சாதாரண முதலீட்டாளர் கேஷ் சந்தையில் ஷார்ட் செய்தால் அன்றே திரும்ப வாங்கியாக வேண்டும். பங்கு அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் விற்க ஆளே இருக்காது. அப்போது எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் பங்கை வாங்கிக் கொடுக்கும். அந்த விலை எவ்வளவானாலும் ஷார்ட் செய்தவர் தலையில்தான்.