நிமிர்ந்து உட்காரச் சொல்லும் கருவியை அக்கா ஏன் கழற்றி வெச்சாங்க?

கூன் போட்டா அதிர்ந்து ஞாபகப்படுத்துற கருவிகளைப் பற்றித்தான் இந்த எபிசோட். 2014-ல் வந்த லூமோ லிஃப்ட், காலர் எலும்புக்குக் கீழே துணியில் காந்தத்தால் மாட்டுவது. அப்ரைட் கோ, மேல்முதுகில் ஒட்டுவது.

இந்த மாதிரி கருவிக்குள்ள இருக்கிற முக்கியமான சென்சார் ஆக்சிலரோமீட்டர். அசையாம இருக்கும்போது புவியீர்ப்பு எந்தப் பக்கம்னு அது சொல்லும். நிமிர்ந்து உட்கார்ந்து பட்டனை அழுத்தினா, அந்தக் கோணம்தான் பூஜ்ஜியம். அதிலிருந்து சாய்ந்து சில நொடி அப்படியே இருந்தா மோட்டார் அதிரும். முதுகெலும்பு எப்படி வளைஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. மாட்டின இடத்தோட சாய்வு மட்டும்தான் தெரியும்.

எங்க அக்காவுக்கு குழந்தை பிறந்து மூணு மாசம். முதுகு வலி. டாக்டர் பார்த்துட்டு, பயப்பட ஒண்ணுமில்லைன்னுட்டார். சரின்னு எம்பியூ-6050 சென்சார், ஈஎஸ்பி32 போர்டு, ஒரு சின்ன வைப்ரேஷன் மோட்டார் வெச்சு நானே ஒண்ணு செஞ்சேன்.

முதல் சிக்கல், எங்கே மாட்டுறது? நைட்டியில் மாட்டினா துணியோட சேர்ந்து சென்சாரும் ஆடுது. பிரா பட்டையில் நிலையா இருந்துச்சு. ஆனா பால் கொடுக்கப் பட்டையை இறக்கும்போதெல்லாம் பூஜ்ஜியம் மாறிப்போச்சு. டி-ஷர்ட் போட்டு என்மேல டெஸ்ட் பண்ணப்போ இது எதுவுமே வரலை. கடைசியில் மருத்துவ டேப் போட்டு மேல்முதுகில் ஒட்டினோம்.

ரெண்டாவது நாளே கழற்றிட்டாங்க. "பிள்ளையைக் குனிஞ்சு பார்த்தாக்கூட திட்டுதுடா இது!"

நியாயம்தான். அதிர்வை எடுத்துட்டு, நேரத்தையும் கோணத்தையும் மட்டும் ஒரு வாரம் பதிவு பண்ணேன். லேப்டாப் முன்னாடி உட்கார்ற நேரம்தான் பிரச்சனைன்னு நினைச்சிருந்தேன். கிராஃப்ல பார்த்தா, அதிகமா குனிஞ்சதெல்லாம் பால் கொடுக்கிற நேரம். ராத்திரி ரெண்டு மணிக்கும்தான்.

அப்புறம் செஞ்சது சாதாரண விஷயம். குழந்தை மார்பு உயரத்துக்கு வர மடியில் ஒரு தலையணை, முதுகுக்கு ஒண்ணு, காலுக்குக் கீழே ஒரு பலகை. வலி முழுசா போகலை, குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க.

நீங்க இப்படி ஏதாவது வடிவமைக்கிறீங்கன்னா, யார் போட்டுக்கப் போறாங்களோ அவங்க உடையிலேயே டெஸ்ட் பண்ணுங்க. அதிர்வை நிறுத்தி வைக்க ஒரு பட்டன் கொடுங்க. முதல் வாரம் பதிவு மட்டும் பண்ணுங்க. குனியுறவங்களுக்கு அப்படிக் குனிய ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிச்ச பிறகு மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.