லாரிப் பட்டறை – 9: சொட்டு நிற்கிற இடம்

'டைமிங் அவுட்' என்று யாராவது சொன்னால், பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் உடனே பிளக்கையும் பாயின்டையும் தேடுவார்கள். டீசல் லாரியில் இரண்டும் கிடையாது. பிஸ்டன் மேலேறிக் காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நெருக்கும்போது அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். எந்த நொடியில் பீய்ச்சுகிறோம் என்பதுதான் டீசல் இன்ஜினில் டைமிங். சென்ற வாரம் நாசிலைப் பார்த்தோம். அதற்கு டீசலைத் தள்ளுகிற பம்ப்பை இந்த வாரம் பார்ப்போம்.

ஓரகடத்தில் டெய்ம்லர் ஆலை 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அங்கிருந்து வரும் புது பாரத்பென்ஸ் லாரிகளில் பீய்ச்சும் நேரத்தைக் கம்ப்யூட்டரே கவனித்துக்கொள்கிறது. ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர் சாலையில் தண்ணீர் லாரியாக வயதைக் கழிக்கும் பழைய டாடா 1613-ம் அதே குடும்பத்துப் பிள்ளைதான். டெல்கோ 1954-ல் டெய்ம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போயிற்று, இன்ஜினின் வம்சம் தொடர்ந்தது. 697 என்று பட்டறைகளில் சொல்வது அதைத்தான்: ஆறு சிலிண்டர், 97 மி.மீ. விட்டம். மெர்சிடிஸின் ஓஎம் 352-க்கும் இதே அளவுதான்.

உள்ளே போன டீசல் பற்றிக்கொள்ள ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும் இன்ஜினில், அதற்குள் கிராங்க் 12 டிகிரி திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே பீய்ச்சத் தொடங்க வேண்டும். எத்தனை டிகிரி முன்பு என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அந்தந்த மேனுவலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், அடுத்த லாரியைப் பார்த்து வைக்கக் கூடாது. ரொம்ப முன்னால் போனால் இன்ஜின் கடகடவென்று தட்டும், பேரிங்கும் பிஸ்டனும் அடி வாங்கும். பின்தங்கினால் இழுவை இருக்காது, புகை தள்ளும், சைலன்சர் கொதிக்கும், டீசல் கணக்கு எகிறும்.

இனி வேலைக்கு வருவோம். முதல் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மேலே கொண்டுவர வேண்டும். வெறும் மேலே என்றால் போதாது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவிலும் அது மேலேதான் இருக்கும். டேப்பட் கவரைத் திறந்து ஆறாவது சிலிண்டரைப் பாருங்கள். அங்கே ஒரு வால்வு மூடிக்கொண்டே வர, இன்னொன்று திறக்கத் தொடங்கினால், ஒன்றாவது சிலிண்டர் கம்ப்ரஷனில் நிற்கிறது என்று அர்த்தம். 697-ன் வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4. ஒன்றும் ஆறும் சேர்ந்தே ஏறி இறங்கும்.

அடுத்து பம்ப்பில் முதல் லைனின் பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து, ஹோல்டரைத் திரும்ப மாட்டி, அதன் தலையில் வளைந்த சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். எடுத்த வால்வைச் சுத்தமான டீசலில் போட்டுவைக்க வேண்டும். ஒரு மணல் துகள் ஒட்டினாலும் அது கெட்டுவிடும். பம்ப்புக்கு மேலே உயரத்தில் தொங்கும் டப்பாவிலிருந்து டீசல் இறங்கி வரும். பம்ப் லீவரை ஃபுல் லோடில் வைத்து, கிராங்கைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோய், ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்ப வேண்டும். குழாயில் டீசல் கம்பியாக ஒழுகும். பிறகு இளைக்கும். அப்புறம் சொட்டும்.

"தம்பி, மெதுவா... மெதுவா. நில்லு."

"அண்ணே, ஒரு சொட்டு தொங்குது."

"தொங்கட்டும். இன்னும் கொஞ்சூண்டு திருப்பு."

சொட்டு நின்றுவிட்டால், பம்ப்புக்குள் இருக்கிற பிளஞ்சர் துவாரத்தை மூடிவிட்டது, தள்ளுதல் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு டிகிரிக் குறியைப் படிக்க வேண்டும். தாண்டிப்போனால் அப்படியே பின்னுக்கு இழுத்துச் சரிசெய்வது தப்பு. கியர் பற்களுக்கு நடுவே ப்ளே இருக்கிறது. நன்றாகப் பின்னால் போய், மறுபடி ஓடும் திசையிலேயே வர வேண்டும். குறி சேரவில்லையென்றால் கப்ளிங் போல்டுகளைத் தளர்த்திப் பம்ப் ஷாஃப்டைத் துளி துளியாக நகர்த்தலாம். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்றுதான் சுற்றும். பம்ப்பில் ஒரு டிகிரி பிசகினால் கிராங்கில் இரண்டு டிகிரி பிசகும்.

பழைய வெட்டுக்குறியைக் கப்ளிங்கில் சேர்த்துப் பூட்டி அனுப்பிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. நான் இதை ஏற்க மாட்டேன். பம்ப்பை சர்வீசுக்குக் கொடுத்து வாங்கியிருந்தால், கியர் தேய்ந்திருந்தால், அந்தக் குறி எந்த உண்மையையும் சொல்லாது. பீய்ச்சல் தொடங்கும் இடத்தைச் சொட்டுதான் காட்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் புது லாரிகளில் கிராங்க் நிற்கும் இடத்தை சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் கணக்குப் போட, நாசில் ஒரே ஸ்ட்ரோக்கில் பல தவணையாகப் பீய்ச்சுகிறது. திருப்பி வைக்க அங்கே கப்ளிங் இல்லை. ஆனாலும் ஓரகடம் தொழிற்பேட்டைக்கு ஆட்களை அனுப்பும் ஐடிஐகள் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய மைக்கோ பம்ப் மேஜைமேல் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். சொட்டு நிற்பதைத் தன் கண்ணால் பார்த்த பையனுக்கு ஸ்கேனரில் வரும் டிகிரி எண் வெறும் எண்ணாகத் தெரியாது. எண் தப்பாக வந்தால் எங்கே கை வைக்கலாம் என்று அவன் யோசிப்பான்.

போல்டை முறுக்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முறுக்கும்போதே பம்ப் இம்மியளவு நகரக்கூடும். இன்னொரு முறை சொட்டு பார்த்து உறுதிசெய்தபின் வால்வையும் ஸ்பிரிங்கையும் உள்ளே வைத்து, பைப்பைப் பூட்டி, ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணலாம். சூடேறிய பிறகும் வேகம் ஏற்றி இறக்குவதில் தகராறு இருந்தால் டைமிங்கைக் குறை சொல்லாதீர்கள். பம்ப்பின் பின்பக்கம் கவர்னர் இருக்கிறது. அதை அடுத்த வாரம் திறப்போம்.