ஊட்டி இ-பாஸும் ரேஷன் எஸ்.எம்.எஸ்.ஸும்

கோவையில் இருக்கும் அண்ணன் காரில் ஊட்டிக்கு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். வழியில் சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்பார்கள். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கும் அத்தை ரேஷன் அரிசி வாங்கியதும் அவர் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. இரண்டுமே செல்போனை நம்பி நடக்கும் அரசுச் சேவைகள்தான். ஆனால் அண்ணனுக்கு இன்டர்நெட் வேண்டும். அத்தைக்குப் பட்டன் போனே போதும்.

இ-பாஸ் எடுப்பது எப்படி?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே திறக்கலாம். செல்போன் எண்ணை டைப் செய்தால் ஓ.டி.பி. வரும். அதைக் கொடுத்து வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, வரும் தேதி, தங்கும் இடம் ஆகியவற்றை நிரப்புங்கள். க்யூ.ஆர். கோடுடன் பாஸ் கிடைக்கும். பிரின்ட் எடுத்துக் கொள்ளுங்கள். பாஸுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் இருந்தது. எனவே கிளம்பும் முன் அன்றைய விதியைத் தளத்தில் பாருங்கள்.

மலையில் எஸ்.எம்.எஸ். ஏன் எளிது?

மலைச் சரிவு சிக்னலை மறைக்கும். சிக்னல் போனால் வெப் பக்கம் பாதியில் நின்றுவிடும். எஸ்.எம்.எஸ். அப்படியல்ல. உங்கள் போன் கிடைக்காவிட்டால் கம்பெனியின் சர்வரில் காத்திருந்து, சிக்னல் வந்ததும் வந்து சேரும். ஆனால் ஓ.டி.பி.க்குக் காலக்கெடு உண்டு. தாமதமாக வந்தால் பயனில்லை. அதனால் மலையேறும் முன்பே பாஸ் எடுத்து விடுங்கள்.

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 140 பைட்கள்தான் அடங்கும். ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் வரை அனுப்பலாம். யூனிகோட் தமிழில் 70 இடங்களே. 'நீலகிரி' நான்கு எழுத்துதான். ஆனால் கால், கொம்பு போன்ற குறிகளையும் தனியாக எண்ணுவதால் அது 7 இடம் பிடிக்கும். அரசுச் செய்திகள் பல ஆங்கிலத்தில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தைக்கு வரும் செய்தியை யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கென்யா காட்டிய வழி

கென்யாவில் 2007-ல் தொடங்கிய எம்-பெசா பணச் சேவை சாதாரண போனிலேயே, இன்டர்நெட் இல்லாமல் இயங்கியது. பின்னாளில் அரசுக் கட்டணங்களையும் அதன் வழியே கட்ட முடிந்தது. எல்லோரிடமும் இருக்கும் போனில் இயங்கும் சேவையே எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது.

எண்ணைக் கவனியுங்கள்

தமிழகத்தில் 2017-ல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தது. வாங்கும் பொருளின் விவரம் பதிவு செய்த எண்ணுக்கு எஸ்.எம்.எஸ்.ஸாக வரும். வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் 1967-க்குப் புகார் செய்யுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை, இணைப்பைத் துண்டித்து 90 நாட்கள் கழிந்த பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் உங்கள் ரேஷன் செய்தி அவருக்குப் போகும். எண்ணை மாற்றியிருந்தால் இ-சேவை மையத்தில் இன்றே புது எண்ணைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் எண்ணையும் நீங்களே சரிபார்த்துக் கொடுக்கலாம். அப்போது ஓ.டி.பி.யை அவர்களே டைப் செய்யட்டும்.