கடையும் கடிகாரமும்

குடிப்பழக்கத்தைப் பொருளாகக் கொண்ட தமிழ்ப் படங்களுள் 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ குறிப்பிடத்தக்கது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தலைமை வேடம் தாங்கினார், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். கதையும் உரையாடலும் அறிஞர் அண்ணாவுடையவை. எதிர்பாராது பெருஞ்செல்வம் வாய்க்கப்பெற்ற நாட்டுப்புறத்தான் ஒருவன் அதனை ஏழைகளுக்கென ஆக்குவதே கதை. அமெரிக்க இயக்குநர் காப்ராவின் 1936ஆம் ஆண்டுப் படமொன்றே இதற்கு மூலம். மதுவிலக்குப் பிரசாரமோ தமிழ் மண்ணுக்கே உரியது.

1937இல் சேலம் மாவட்டத்தில் இராசாசி தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவியது. ஆக, படம் கேட்டது புதுச்சட்டமன்று. வந்துவிட்ட சட்டத்துக்கு மக்கள் மனத்தில் இடம். காங்கிரசு ஆட்சியின் சட்டத்துக்கு, அவ்வாண்டிலேயே தனிக்கழகம் கண்ட அண்ணா எழுதுகோல் ஏந்தினார் என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். குடியைச் சாடுவதில் அன்று கட்சி வேற்றுமை குறுக்கிடவில்லை.

கடையை மூடினால் குடி ஒழியும் என்னும் இந்த நம்பிக்கை மலாயாத் தோட்டங்களிலும் வேரூன்றியிருந்தது. கள்ளுக்கடை இலயங்களுக்கு அருகிலேயே இருந்த காலம் அது. 1947இல் கெடா தோட்டப்புற இளைஞர் தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடை மறியல் செய்தனர். மலாக்கா, செர்காம் வட்டாரத்து ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கத்தக்க வரலாறு இது.

ஆனால் கடை மூடிய பின், குடித்துப் பழகியவனின் பொழுது எவ்வாறு கழியும்? கலைவாணரின் நகைச்சுவை கூட்டத்தை நோக்கியது. தனியனின் அறைக்குள் அது புகவில்லை. புகுந்தது 1958இல் வெளிவந்த போலந்துப் படமொன்று. மாரெக் ஹுவாஸ்கோவின் சிறுகதையைத் தழுவி வோய்ச்செக் ஹாஸ் இயக்கிய அவரது முதல் முழுநீளப் படம் அது. பெயர் ‘பெந்த்லா’, சுருக்குக் கயிறு என்பது பொருள்.

கூபா என்பவன் குடியை விடத் துணிகிறான். குடித்தால் உடலை வருத்தும் மாத்திரையைக் கொண்டு சிகிச்சை. டென்மார்க் ஆய்வாளர்கள் அத்தகைய மருந்தை அறிவித்ததும் 1948இல்தான். காதலி மாலையில் வந்து அழைத்துச் செல்வாள். அதுவரை காத்திருக்க வேண்டும், அவ்வளவே. அறையில் கடிகாரமும் தொலைபேசியும். செய்தி அறிந்தோர் வாழ்த்துக் கூற மணி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அந்த நல்லெண்ணமே அவனைத் தெருவுக்கு விரட்டுகிறது; தெரு, மதுக்கடைக்கு விரட்டுகிறது. அங்கே முன்னாள் இசைவாணன் ஒருவன் கோப்பையும் கையுமாகப் பேசத் தொடங்குகிறான். எதிரே இருப்பது தன் நாளைய முகம் என்று கூபாவுக்குத் தெரிகிறது.