கூப்பிடும் கருவி, காது கொடுக்கும் கருவி

வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் அலை நாலாபக்கமும் பரவுவதால், லேப்டாப் எந்த மூலையில் இருந்தாலும் ரௌட்டருக்குக் கவலையில்லை. 60 கிகாஹெர்ட்ஸில் அப்படி முடியாது. 2012இல் வந்த 802.11ஏடி என்ற வைஃபை தரம், அந்த அலைவரிசையில் நொடிக்கு ஏறத்தாழ 7 கிகாபிட் வேகத்துக்கு வழிசெய்தது. ஆனால் அங்கே அலைநீளம் 5 மில்லிமீட்டர்தான். அதற்கேற்ற குட்டி ஆன்டெனா பிடிக்கும் ஆற்றலும் கொஞ்சம்தான். குறுக்கே ஓர் ஆள் வந்தாலே சிக்னல் விழுந்துவிடும். அதனால் ஆற்றலை டார்ச் வெளிச்சம்போல ஒரே பக்கம் குவித்து அனுப்புகிறார்கள்.

இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் பல குட்டி ஆன்டெனாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் போகும் அலையைச் சற்று முன்பின்னாக்கினால் கற்றை வேண்டிய பக்கம் திரும்பும். எந்தப் பாகமும் அசைவதில்லை.

சிக்கல் இனிமேல்தான். மற்ற கருவி எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் பேச முடியும். பேசினால்தான் எந்தப் பக்கம் என்று தெரியும். இரு கருவிகளுக்கும் தலா 32 திசைகள் என்றால், 1,024 இணைகளில் பொருந்துவது மிகச் சிலவே. ஒன்று கூப்பிடும்போது மற்றது வேறு பக்கம் திரும்பியிருந்தால், பக்கத்திலேயே இருந்தும் கேட்காது.

இதைத் தீர்த்த யோசனை அருமையானது: ஒரே நேரத்தில் இருவரும் தேட வேண்டாம். ரௌட்டர் மட்டும் திசை திசையாகத் திரும்பிக் கூப்பிடுகிறது. லேப்டாப் கற்றையை விரித்து, எல்லாப் பக்கமும் காது கொடுக்கிறது. விரித்தால் சிக்னல் வலுவிழக்கும். அதனால் அழைப்பு மிகக் குறைந்த வேகத்தில், தெளிவாகப் பிரித்தறியும்படி வருகிறது. ஒவ்வோர் அழைப்பிலும் அதன் திசை எண்ணும், இன்னும் எத்தனை பாக்கி என்ற கணக்கும் இருக்கும்.

பிறகு முறை மாறுகிறது. லேப்டாப் திசை திசையாக அனுப்ப, ரௌட்டர் கேட்கிறது. லேப்டாப்பின் ஒவ்வொரு செய்தியிலும் "உன் 17ஆம் திசைதான் எனக்கு நன்றாகக் கேட்டது" என்ற தகவல் இருக்கும். லேப்டாப்பின் திசைகளில் சிறந்ததை ரௌட்டர் பதிலில் சொல்கிறது. 1,024 முயற்சிகள் 64 ஆகிவிட்டன. இரண்டு லேப்டாப்கள் ஒரே சமயத்தில் பதில் சொல்லி மோதிக்கொள்ளலாம் என்பதால், பதிலுக்கான நேரத்துண்டுகளில் ஒன்றை ஒவ்வொன்றும் குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்கிறது; மோதினால் மறுபடி முயல்கிறது.

மில்லிமீட்டர் அலை 5ஜி கோபுரமும் இப்படித்தான் தன்னை அறிவிக்கிறது: 5 மில்லிநொடிக்குள் 64 திசைகள் வரை. ஆள் நகர்ந்தால் பழைய கற்றை உதவாது. தேடல் மீண்டும் தொடங்கும். தேடும் நேரத்தில் தரவு போகாது. எனவே வேகமான இணைப்பு வேண்டுமென்றால், வேகமாகத் தேடவும் தெரிந்திருக்க வேண்டும்.