கல்லைக் கேட்டுத் தெளிதல்



சமையல் மேடைக்கு ஏற்ற கல் எது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். "இது வீடு கட்டுவோர்க்குரிய செய்தியன்றோ? எங்களுக்கு இதனால் ஆவதென்ன?" என்று நீங்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுங்கள். நீங்கள் வகுப்பில் பயிலும் வேதியியலும் நிலநூலும் இதில் அடங்கியுள்ளன. நான் பட்டறிந்த பாடம் ஒன்றும் இருக்கிறது.

ஓய்வு பெற்றபின் சிறு வீடொன்று கட்டினேன். வெண்மையின் அழகில் மயங்கி, சமையல் மேடைக்குச் சலவைக்கல் பதித்தேன். குடிபுகுந்த மறுவாரம் என் மனைவி புளி கரைத்தபோது சிறிது அதன்மேல் சிந்திவிட்டது. துடைத்துப் பார்த்தால் மங்கலான வடு ஒன்று நின்றது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தீர்களே, இது தெரியாதா?" என்றார். எனக்கு விடை எழவில்லை.

சலவைக்கல் என்பது, நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சுண்ணாம்புக்கல்லே. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரியமிலவாயு வெளிப்பட்டுக் கல் கரையும். புளி, எலுமிச்சை, தக்காளி ஆகிய யாவற்றிலும் அமிலம் உண்டு. ஆகவே நான் கண்டது கறையன்று. கல்லே அரிக்கப்பட்ட தடம். தாஜ்மகாலை அணிசெய்வதும் மக்ரானாவின் சலவைக்கல்தான். ஆனால் அங்கே எவரும் புளி கரைப்பதில்லை!

நம் வீடுகளில் பெரிதும் வழங்கும் கடப்பைக்கல்லும் சுண்ணாம்புக்கல் இனத்ததே. கறுப்பாக இருப்பதால் அதைக் கருங்கல் என்று மயங்கலாகாது. கருங்கல்லாகிய கிரானைட், உருகிய பாறைக்குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறி இறுகியது. குவார்ட்சும் பெல்ஸ்பாரும் அபிரகமும் கலந்தது. 1812ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் வகுத்த பத்துப் படிக் கடினத்தன்மை அளவையில் சலவைக்கல்லின் கால்சைட்டுக்கு 3, பெல்ஸ்பாருக்கு 6, குவார்ட்சுக்கு 7. எனவே சலவைக்கல்லில் கத்தி கீறும். கிரானைட்டில் எளிதில் கீறாது.

கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மெருகிட்ட பக்கத்தில் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடையுங்கள். பளபளப்பு மங்கினால் அது சுண்ணாம்பு இனம். வேறோரிடத்தில் நீர்த்துளி வையுங்கள். அவ்விடம் விரைவில் கறுத்தால் கல் நீரை உறிஞ்சுகிறது, எண்ணெயையும் உறிஞ்சும். நுண்துளைகளை அடைக்கும் பூச்சு அதைத் தடுக்கும்; ஆனால் சலவைக்கல்லை அமிலத்தினின்று அது காவாது. குளியலறையில் புளிக்கு வேலையில்லை. அங்கே சலவைக்கல் இருக்கலாம். ஆயினும் அமிலம் கலந்த கழுவுநீரை அதன்மேல் ஊற்றலாகாது.

இனி, கல்லினும் பெரியதொரு செய்தி. என் மேடையை மாற்றிக் கிரானைட் பதிக்க வந்தவன் என் பழைய மாணவன். நீர் விடாமல் இயந்திரத்தால் கல்லை அறுத்தான். வெண்புகைபோல் தூசி எழுந்தது. இடையிடையே இருமினான். "தண்ணீர் விட்டு அறுக்கலாகாதா, தம்பி?" என்றேன். "நேரம் பிடிக்கும், ஐயா. இன்றைக்கே இன்னொரு வீட்டு வேலை இருக்கிறது" என்றான். குவார்ட்சின் நுண்தூசி நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய் வந்தபின் முழுதும் தீர்க்க மருந்தில்லை. குவார்ட்சுத் தூளைப் பிசினில் இறுக்கிச் செய்யும் செயற்கைக்கல்லில் இத்தீங்கு இன்னும் மிகுதி. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது.

நான் குழாயைத் திறந்து, வேலை முடியும்வரை அவன் அறுக்கும் இடத்தில் நீர் ஊற்றினேன். மூக்கையும் வாயையும் மூடும் தகுந்த கவசம் வாங்கக் கூலிக்குமேல் பணமும் கொடுத்தேன். அமிலத்தைப் பற்றியும் குவார்ட்சைப் பற்றியும் அவனுக்கு வகுப்பில் கற்பித்தவன் நான்தான். தூசியைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்தக் குறையைத்தான் இன்று உங்களிடம் தீர்த்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிற்கு நாளை கல் வரும்போது, அதன் நிறத்தைப் பாருங்கள், இனத்தைச் சோதியுங்கள், அறுப்பவர் அருகில் நீர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.