மனநோயாளி கேட்டால் மரணம் கொடுக்கலாமா?

'கருணைக் கொலை' என்று தலைப்பு கொடுத்ததும் அழைத்தவர்கள் எல்லோரும் புற்றுநோயையும் கோமாவையும்தான் பேசினார்கள். பண்டமாரானிலிருந்து அழைத்த ஒரு தாயாரின் கேள்வி வேறு. "என் மகனுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. பல வருஷமாக மருந்து. 'என்னைச் சாகவிடும்மா' என்கிறான். சட்டம் என்ன சொல்லுது?"

நம் சட்டம் அனுமதிக்காது. 18 வயது கடந்தவரின் சம்மதத்தோடு அவர் உயிரை எடுத்தால், தண்டனைச் சட்டத்தின் 300ஆவது பிரிவிலுள்ள ஒரு விலக்கின்படி, அது கொலையிலிருந்து ஒரு படி இறங்கும், ஆனாலும் குற்றம்தான். மனநிலை பாதிப்பால் விஷயம் புரியாமல் கொடுக்கும் சம்மதத்தையோ 90ஆவது பிரிவு சம்மதமாகவே ஏற்பதில்லை. தற்கொலைக்குத் துணைபோனால் 306ஆவது பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை.

அதற்காக மனநோய் உள்ள எல்லோரும் விவரம் புரியாதவர்கள் அல்லர். வேலைக்குப் போகிறார்கள், அறுவை சிகிச்சைக்குத் தாங்களே கையெழுத்துப் போடுகிறார்கள். ('தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு' என்று கிண்டலடிப்பதை நாம்தான் இன்னும் விடவில்லை.) சிக்கல் என்னவென்றால், கடுமையான மனச்சோர்வில் சாக வேண்டும் என்ற எண்ணமே நோயின் அறிகுறி. கேட்பது மகனா, அவனைப் பிடித்த நோயா? புற்றுநோயாளி விஷயத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை.

நெதர்லாந்தில் டாக்டர் ஷாபோ என்ற மனநல மருத்துவர், பிள்ளைகள் இருவரையும் இழந்த ஒரு பெண் இறக்க உதவினார். தாங்க முடியாத வேதனை உடலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என 1994இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும், வேறொரு மருத்துவர் அப்பெண்ணை நேரில் பரிசோதிக்கவில்லை என்பதால் அவர் குற்றவாளியே என்றது. தண்டனை மட்டும் விதிக்கவில்லை. கனடாவோ, மனநோய்க்கு மட்டும் இதை அனுமதிப்பதை 2024இல் மூன்றாண்டு தள்ளிவைத்தது. இந்தியாவில் 2018 தீர்ப்பு, குணமாகாத நிலையில் உள்ளவர்களின் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதோடு நிற்கிறது.

என்னைக் கேட்டால், நமக்குப் பெரிய செய்தி 2023இல் நடந்ததுதான். தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்ற 309ஆவது பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து உண்மையை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் சிகிச்சை முடிந்துவிடவில்லை. மருந்தை மாற்றலாம், மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்அதிர்வுச் சிகிச்சையும் உண்டு. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆபத்து உடனடி என்றால் 999. மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-76272929.